டெங்குத் தடுப்பு வேலையில் பர்ன் அவுட்: லீவு போட்டும் ஏன் சரியாகவில்லை? வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி கேட்டவர் கடலூர் மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளர். பத்து நாள் லீவு முடிந்து வந்த பிறகும் ஆபீஸ் வாசலைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறதாம்.

விடுவதா வேண்டாமா என்பதை அக்டோபர் முதல் டிசம்பர் வரை முடிவு செய்யாதீர்கள். பிப்ரவரியில் யோசிக்கலாம். அதற்குள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

உலக சுகாதார அமைப்பு பர்ன் அவுட்டை நோயாக வகைப்படுத்தவில்லை. வேலை சார்ந்த நிலை என்றுதான் 2019-ல் வரையறுத்தது. அதில் மூன்று கூறுகள்: உடலும் மனமும் வற்றிப்போவது, வேலை மேல் கசப்பும் விலகலும், ‘நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை’ என்ற எண்ணம். லீவு முதலாவதை மட்டும்தான் சரிசெய்யும். கொசு ஒழிப்பில் இருப்பவர்களுக்கு அடி விழுவது பெரும்பாலும் மூன்றாவதில். வேலை நன்றாக நடந்தால் எதுவும் நடக்காது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஒரு கேஸ் வந்தால் அன்றே மெமோ.

அந்த மெமோவின் கணக்கே தப்பு என்பதுதான் கொடுமை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள். அந்தக் கொசு நோயாளியைக் கடித்த பின் அதன் உடலில் வைரஸ் முற்ற 8 முதல் 12 நாள். அது கடித்தவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். ஆஸ்பத்திரிக்குப் போய் டெங்கு ரத்தப் பரிசோதனையான என்எஸ்1 ரிசல்ட் வர இன்னும் இரண்டு மூன்று நாள். கூட்டிப் பாருங்கள்: இன்று பாசிட்டிவ் ஆன கேஸ் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கும் முந்தைய தொட்டித் தண்ணீரைப் பற்றிய செய்தி. இன்று அந்தத் தெருவில் நிற்கும் ஆளைத் திட்டி என்ன பயன்?

ஆகவே உங்கள் வேலையை அளக்க கேஸ் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். ஹவுஸ் இண்டெக்ஸை (பார்த்த வீடுகளில் கொசுப்புழு இருந்தவை நூற்றுக்கு எத்தனை) வார்டு வாரியாக, வாரம் ஒரு முறை, ஒரே தாளில் எழுதுங்கள். 100 வீடு பார்த்ததில் 8 வீட்டில் புழு இருந்தால் 8. பூட்டிய வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் தனியாகக் குறியுங்கள். பல நேரம் பிரச்சினையே அங்கேதான். ரிவியூ மீட்டிங்கில் கேஸ் வந்த தெருவுக்கு மூன்று நான்கு வாரம் முந்தைய எண்ணை எடுத்து வையுங்கள். 14-லிருந்து 5-க்கு இறங்கியிருந்தால் அது உங்கள் ஆட்கள் செய்த வேலை, கண்ணால் பார்க்கலாம்.

இது எங்கே கெடும் என்றால், ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று மட்டும் இலக்கு வைத்தால் வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கும் டிபிசி பணியாளர் சுவரில் தேதியை எழுதிவிட்டு மூடியைத் திறக்காமல் போய்விடுவார். இண்டெக்ஸ் பூஜ்யம் காட்டும், பிறகு கேஸ் வரும், உங்கள் தாளை யாரும் நம்ப மாட்டார்கள். இலக்கைக் குறைத்தாவது தொட்டியைத் தேய்த்துக் கழுவ வையுங்கள். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சுவரில் ஒட்டிக் கிடக்கும்.

நம் பகுதிக்கென்று ஒரு சுமை உண்டு. பெண்ணையாறும் கெடிலமும் பெருகினால் குளோரின் போடுவது, காய்ச்சல் முகாம், எலிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின், டெங்குப் புழு எல்லாம் அதே நாலு பேர் தலையில். 2011 தானே புயல், 2015 வெள்ளம் இரண்டையும் பார்த்த மாவட்டத்தில் சுழற்சிப் பட்டியலை நவம்பரில் எழுத உட்காருவது தாமதம். செப்டம்பரிலேயே எழுதுங்கள். கேஸ் வீட்டைச் சுற்றிப் புகை அடிக்கும் டீமை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். இரவு எட்டுக்கு மேல் வாட்ஸ்அப் பார்க்க முறைவைத்து ஒருவர் போதும். ஒரே விவரம் ரெஜிஸ்டரிலும் போர்ட்டலிலும் போட்டோவிலும் மூன்று முறை போகிறதா? ஒரு வாரம் அதற்கு ஆகும் நேரத்தைக் குறித்து மருத்துவ அலுவலரிடம் காட்டுங்கள். ‘கஷ்டமா இருக்கு சார்’ என்பதைவிட ‘தினம் இத்தனை மணி நேரம் சார்’ என்பது எடுபடும்.

தினக்கூலிக்காரருக்கு லீவு என்றால் சம்பள வெட்டு. அவருக்கு லீவு அல்ல, வேலை மாற்றம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மனஅழுத்தப் பயிற்சி வகுப்பு மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

ஆஸ்பத்திரி வார்டில், லேபில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. களைத்துப்போனவர், நோயாளிக்குப் போட்ட ஊசி தன் கையில் குத்திவிட்டால் மறைப்பார், ரிப்போர்ட் எழுத அலுப்பு. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, பிளீச்சிங் கூடாது. எச்ஐவி தடுப்பு மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மறைப்பது கூடிவிட்டால் அந்த வார்டில் ஆள் போதவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. வெறுப்பு வேலையோடு நிற்கிறதா, வீட்டுச் சாப்பாடு, பிள்ளைகள், பண்டிகை எதிலும் பிடிப்பில்லையா? இரண்டாவது என்றால், அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; சுழற்சிப் பட்டியல் உதவாது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் 14416 மனநல உதவி எண்ணை அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வேலையோடு மட்டும் நிற்கிறது என்றால், பிப்ரவரிக்குள் காசநோய்ப் பிரிவுக்கோ வேறு வட்டாரத்துக்கோ மாறுதல் கேட்டுப் பார்த்துவிட்டு ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள்.