கூட்டத்தில் மாட்டாமல் மலை ஏற: பழனி மலைப் பாதைகள் பற்றிக் கேள்வி பதில்

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பழனி மலைச் சாலைகளைப் பல வருடமாகப் படம் எடுத்து வருகிறேன். கூட்டம் இல்லாமல் எப்படிப் போவது, எங்கே நிறுத்துவது, என்ன எடுப்பது என்று வந்த கேள்விகளைச் சுருக்கி இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சென்னையிலிருந்து ஒருவர்: அண்ணா, மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். பெருமாள்மலையிலிருந்து ஏரி வரைக்கும் வண்டி நகரவே இல்லை. யாருக்கும் தெரியாத இடம் ஒன்று சொல்லுங்கள், அடுத்த முறை நேராக அங்கே போய்விடுகிறோம்.

யாருக்கும் தெரியாத இடம் என்று பழனி மலையில் ஒன்றும் இல்லை தம்பி. எந்த மூலைக்குப் போனாலும் அங்கே ஒரு ஊர் இருக்கும், தோட்டம் இருக்கும், காலைப் பேருந்துக்கு நிற்பவர்கள் இருப்பார்கள். நீங்கள் மாட்டிக்கொண்டது சாலையின் அமைப்பால். வத்தலகுண்டு பாதையும் பழனி பாதையும் பெருமாள்மலையில் வந்து சேருகின்றன, அதற்கு மேலே ஊருக்குள் போக ஒரே சாலைதான், அந்தச் சாலையிலேயே வெள்ளி நீர்வீழ்ச்சி, அங்கே எல்லாரும் வண்டியை ஓரம் கட்டுகிறார்கள், போதாததற்கு எல்லாரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கும் மதியத்துக்கும் நடுவிலேயே மேலே ஏறுகிறார்கள். அதே வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் போய்ப் பாருங்கள், தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது.

அதனால் புது இடம் தேடுவதைவிட நேரத்தை மாற்றுங்கள், தங்கும் ஊரை மாற்றுங்கள். பெருமாள்மலைக்குக் கீழேயே பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ தங்கினால் அந்த நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழி இல்லை என்பது எனக்குப் புரிகிறது. அப்படியானால் ஞாயிறு மதியம் ஏறி புதன் காலை இறங்குங்கள். நீங்கள் ஏறும்போது கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்.

திருச்சியிலிருந்து: இ-பாஸ் இன்னும் வேண்டுமா?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வந்தது, வண்டிக்கு இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்து வாங்குகிற அனுமதிச் சீட்டு அது. 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. ஊட்டிக்கு 6,000, 8,000. கிளம்பும் வாரத்தில் அரசு இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸ் தேவையில்லை, வத்தலகுண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் பேருந்து இருக்கிறது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போவதும் நல்ல பயணம்தான், வளைவைப் பார்க்காமல் மலையைப் பார்க்கலாம்.

ஈரோட்டு பைக்காரர்: உங்களுக்கு மிகவும் பிடித்த சாலை எது அண்ணே?

தாண்டிக்குடிச் சாலை. வத்தலகுண்டிலிருந்து சித்தரேவு வழியாக ஏறினால் பெரும்பாறை, அப்புறம் தாண்டிக்குடி, அங்கிருந்து பண்ணைக்காடு, பிறகு ஊத்துப் பக்கம் போய் பெரிய சாலையில் சேரலாம். ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வருகிறவர்கள் வடகாடு, பாச்சலூர், கே.சி.பட்டி வழியாகவும் தாண்டிக்குடிக்கு வரலாம், பரப்பலாறு அணை அந்த வழியில்தான் இருக்கிறது.

இந்தப் பாதையில் பெரிய வியூ பாயிண்ட் கிடையாது, அதனால்தான் கூட்டமும் கிடையாது. இருப்பது முழுக்கக் காப்பித் தோட்டம், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, ஆரஞ்சு, அங்கங்கே மலைவாழை. விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த விருப்பாச்சி இந்த மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்துவிட்டால் பத்து நாள் போல கழித்துக் காப்பிச் செடி மொத்தமும் ஒரே நேரத்தில் பூக்கும். மலைச்சரிவு முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி வாசம், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். தேதி குறித்து வைத்துக்கொண்டு போக முடியாத காட்சி அது. தோட்டக்காரர் ஒருவரைப் பழக்கம் பிடித்து வைத்திருந்தால் "மழை பெய்தது தம்பி" என்று போன் வரும், நாள் எண்ணிக்கொண்டு கிளம்பலாம். எனக்கு அப்படித்தான் வருகிறது. மேலே கொடைக்கானலில் கூட்டம் அலைமோதுகிற அதே கோடையில் இங்கே இந்தப் பூ பூத்து உதிர்ந்துவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பைக்கில் வருகிறவருக்கு ஒன்று. சாலை குறுகல், எதிரே பேருந்து வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். வளைவில் ஹாரன் அடியுங்கள், மற்ற இடத்தில் வேண்டாம்.

கோவையிலிருந்து ஒரு பெண்: பூம்பாறை போனால் எல்லாரும் எடுத்த அதே படம்தான் கிடைக்கிறது. வேறு எப்படி எடுப்பது?

நீங்கள் சொல்வது அந்த வளைவில் நின்று எடுக்கிற படம், ஊர் மொத்தமும் படிக்கட்டு வயலோடு கீழே தெரியும். அது நல்ல படம்தான், அதை எடுக்க வெட்கப்பட வேண்டாம். எடுத்துவிட்டுத் திரும்பிப் போகாமல் ஊருக்குள் இறங்குங்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் சாலை ஓரத்திலேயே திரும்பிவிடுகிறார்கள்.

ஒரு முறை குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் அம்மா ஒருவர் பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாக முடிந்துகொண்டிருந்தார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வந்தது, இந்தச் சுற்று வட்டாரத்துப் பூண்டுதான் அது. கேமராவை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விலை, மழை, மகளின் படிப்பு என்று பேசிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அவரே "படம் எடுக்கத்தானே வந்தீங்க, எடுங்க" என்றார். அந்தப் படத்தில் அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை, கை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அச்சுப் போட்டு அடுத்த முறை கொண்டு போய்க் கொடுத்தேன். ஆளைப் படம் எடுத்தால் அச்சுப் போட்டுக் கொடுங்கள், இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். பளியர் பழங்குடி மக்களின் குடியிருப்புப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பூம்பாறை தாண்டி மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று சாலை போகிறது. மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது, அந்தப் புல்வெளிக்குக் கூட்டம் வரும். அதைத் தாண்டினால் குறைந்துவிடும்.

தஞ்சாவூரிலிருந்து: மூடுபனியில் எடுத்த படமெல்லாம் சாம்பலாக இருக்கிறது சார்.

கேமரா வெள்ளையைப் பார்த்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வையுங்கள், போனிலும் விரலால் அழுத்தி மேலே இழுத்தால் கூடும். அதைவிட முக்கியம், பக்கத்தில் கறுப்பாக ஒரு பொருள் வேண்டும். ஒரு மரம், ஒரு மின்கம்பம், குடை பிடித்து நடக்கிற ஆள். தூரத்தில் இருப்பதெல்லாம் தானாகக் கரைந்துவிடும். மழைக்குப் பிறகு இலை மினுமினுப்பை அடக்க லென்ஸ் முன்னால் போலரைசர் ஃபில்டர் போடுங்கள், பச்சை அப்போதுதான் பச்சையாக வரும். ஏசி காரிலிருந்து ஈரக் காற்றுக்குள் கேமராவைத் திடீரென்று எடுத்தால் லென்ஸில் நீர் படியும், நிறுத்தப் போகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

ஓசூரிலிருந்து: ட்ரோன் கொண்டு வரலாமா?

வேண்டாம். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது, சாலையை ஒட்டிய காட்டில் நிறையப் பகுதி அதற்குள் வருகிறது. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வனத்துறை நடவடிக்கை எடுக்கும். பேரிஜம் ஏரிக்குப் போகவும் வனத்துறை அனுமதி வேண்டும்.

பண்ணைக்காட்டுக்காரர்: நான் இந்த மலைதான். உங்களை மாதிரி ஆட்கள் படம் போட்டுப் போட்டுத்தான் எங்கள் ஊருக்கும் கூட்டம் வர ஆரம்பித்தது. ஓடைக்குப் பக்கத்தில் பாட்டில் உடைத்துப் போடுகிறார்கள், இரவு பாட்டு வைக்கிறார்கள். இப்போது தாண்டிக்குடியையும் நீங்களே சொல்கிறீர்களே?

அண்ணே, உங்கள் கோபம் நியாயம். பண்ணைக்காடு, தாண்டிக்குடி எல்லாம் பேருந்து போகிற பெரிய ஊர், பெயரைச் சொல்லாமல் மறைத்து வைக்க முடியாது, அங்கே தங்கும் வீடு நடத்திப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்த ஓடை, எந்தப் பாறை, எந்தத் தோட்டத்துக்குள் எந்த ஒற்றையடிப் பாதை என்று நான் எங்கேயும் எழுதுவதில்லை, படத்தோடு லொகேஷன் போடுவதும் இல்லை. கேட்டு வருகிற செய்திகளுக்குப் பதில் சொல்வதில்லை, அதில் சிலருக்கு என் மேல் வருத்தம் உண்டு.

இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். ஒரு ஓடையைத் தேடி ஐம்பது பேர் வந்தால் அந்த ஊருக்குக் குடிதண்ணீரே அந்த ஓடைதான் என்பது அவர்களுக்குத் தெரியாது. கொடைக்கானல் ஊருக்காவது நகராட்சி இருக்கிறது, குப்பை அள்ள வண்டி வருகிறது. சின்ன ஊருக்கு அது கிடையாது, நீங்கள் போட்டது அங்கேயே கிடக்கும். கூட்டத்துக்குப் பயந்து சின்ன ஊருக்கு வருகிறவர் கூட்டத்தின் பழக்கத்தையும் கூடவே கொண்டு வந்தால் அடுத்த சீசனில் அந்த ஊரும் போச்சு. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது, வீட்டிலிருந்தே பெரிய குடுவையில் எடுத்து வாருங்கள். டீ, சாப்பாடு, காப்பித்தூள், மிளகு எல்லாம் அந்த ஊர்க் கடையில் வாங்குங்கள். குப்பையைத் திரும்ப வத்தலகுண்டு வரைக்கும் கொண்டு வருவது ஒரு கஷ்டமும் இல்லை.

நாமக்கல்லிலிருந்து: குறிஞ்சி எப்போது?

12 வருடத்துக்கு ஒரு முறை பூக்கிற நீலக்குறிஞ்சி பழனி மலையில் கடைசியாக 2018-ல் பூத்தது. அடுத்தது 2030.

சேலத்திலிருந்து: பறவை எடுக்க ஆசை. பெரிய லென்ஸ் இல்லை.

பழனி சிரிப்பான் என்று ஒரு பறவை உண்டு, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருக்கிற மலைகளில் மட்டும்தான் இருக்கிறது. நீலகிரியில் இருப்பது வேறு, நீலகிரி சிரிப்பான். கொடைக்கானலில் வீட்டுத் தோட்டத்துப் புதருக்கே வரும், அதனால் பெரிய லென்ஸ் இல்லாமலும் எடுக்கலாம். காலையில் ஒரே இடத்தில் அசையாமல் உட்காருங்கள். போனில் பறவைச் சத்தம் போட்டுக் கூப்பிடாதீர்கள், கூடு கட்டுகிற காலத்தில் அது அவற்றை அலைக்கழிக்கும்.

பெங்களூரிலிருந்து: எங்களுக்கு நீலகிரிதான் பக்கம். அங்கே என்ன வழி?

முதுமலைக் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, யானை நின்றாலும் மான் நின்றாலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், விலங்குக்கும் தொந்தரவு. பந்திப்பூர் வழி இரவு 9-லிருந்து காலை 6 வரை அடைப்பு. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவு, ஏற்றம் மிகச் செங்குத்து. அந்த வழியாக வெளியூர் வண்டியை இறங்க விடுவதில்லை, பிரேக் சூடேறி நடந்த விபத்துகள்தான் காரணம். மேட்டுப்பாளையம் பக்கம் வந்தால் குன்னூருக்குப் பதிலாகக் கோத்தகிரி வழியாக ஏறுங்கள். மஞ்சூரில் தங்கினால் கிண்ணக்கொரை வரைக்கும் தேயிலையும் காடும் மாறி மாறி வரும், எனக்கு நீலகிரியில் அதுதான் பிடித்த பக்கம். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் பாதையில் 43 கொண்டை ஊசி, யானை நடமாட்டம் அதிகம், பகலில் மட்டும் போங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் உறைபனி கிடைக்கும். வெயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் உருகிவிடும், அதனால் இருட்டிலேயே போய் நிற்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து: மழைக்காலத்தில் வரலாமா?

அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையில் பழனி மலைக்கு நல்ல மழை. படத்துக்கு அருமையான காலம், சாலைக்கு மோசமான காலம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொடைக்கானல் சாலையில் மரம் விழுந்தும் மண் சரிந்தும் போக்குவரத்தே நின்றது. எச்சரிக்கை இருந்தால் கிளம்பாதீர்கள், அறைக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும். ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசம் வரும் வாரங்களில் இன்னொன்று: திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி சாலை முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள் நடப்பார்கள், இரவிலும் நடப்பார்கள். அந்தச் சாலையில் இரவில் ஓட்டாதீர்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு அவர்களோடு கொஞ்ச தூரம் நடங்கள்.

மதுரையிலிருந்து: ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. அம்மாவுக்கு 70 வயது, வளைவில் தலை சுற்றும். ஏதாவது வழி இருக்கிறதா தம்பி?

இருக்கிறதுங்க அக்கா. வார நாள் ஒன்றில் இருட்டோடு கிளம்பி வத்தலகுண்டுக்கு வந்துவிடுங்கள், அங்கே இட்லி இரண்டு மட்டும், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். காமக்காப்பட்டி தாண்டி ஏறினால் டம் டம் பாறை வரும். அங்கிருந்து தலையாறு அருவி தெரியும், எலிவால் அருவி என்றும் சொல்வார்கள், 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது. கீழே மஞ்சளாறு அணை தெரியும். காலையில் புகைமூட்டம் குறைவு, அருவி நன்றாகத் தெரியும். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள், தின்பண்டத்தைக் காருக்குள்ளேயே வையுங்கள்.

அதற்கு மேலே கொடைக்கானல் போகவே வேண்டாம். பண்ணைக்காட்டுப் பிரிவில் திரும்பி, ஊருக்குள் ஒரு டீ குடித்து, தாண்டிக்குடி வரைக்கும் மெதுவாகப் போய், மதியச் சாப்பாடு முடித்துச் சித்தரேவு பக்கமாக வெளிச்சத்திலேயே இறங்கிவிடுங்கள். இறங்கும்போது நியூட்ரல் போடக் கூடாது, ஏறிய அதே கியரிலேயே இறக்குங்கள். அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கள், தலைசுற்றல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, வளைவு ஆரம்பித்த பிறகு கொடுக்காமல் வத்தலகுண்டுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.