எவ்வளவு மிச்சமாகும்?

வணக்கம் சார்,

வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். போன வருடம் எங்கள் எம்.டி. ‘இன்னோவேஷன் செல்’ தொடங்கினார். ஆளுக்கு மாதம் இரண்டு ஐடியா தர வேண்டும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மிச்சமாகும் என்று ஃபாரத்தில் எழுத வேண்டும். இப்போது மாதக் கடைசியில் பழைய ஐடியாவையே மாற்றி எழுதித் தருகிறார்கள். புதுமையை நிர்வாகம் செய்யவே முடியாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். உங்கள் எம்.டி.யின் அக்கறையையும் நான் சந்தேகப்படவில்லை. ஆனால் ரிஜெக்‌ஷனை எண்ணுவது போல ஐடியாவையும் எண்ணுகிறார். சிக்கல் அங்கேதான்.

அமெரிக்காவின் த்ரீ எம் 1920களில் முக்கியமாக உப்புத்தாள் விற்ற கம்பெனி. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ, உப்புத்தாளைச் சோதிக்க ஒரு கார் பெயின்ட் பட்டறைக்குப் போனார். இரண்டு நிறம் அடிக்கும்போது மறைப்புக்கு ஒட்டிய தாளை உரித்தால் பெயின்டும் சேர்ந்து வந்தது. சுத்தமாக உரியும் டேப் ஒன்றைச் செய்ய இறங்கினார். கம்பெனியை நடத்திய வில்லியம் மெக்நைட், அதை விட்டுவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார்க்கச் சொன்னார். ட்ரூ விடவில்லை. மெக்நைட்டும் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டார். மெஷின் வாங்கப் பணம் கேட்டபோது மறுத்தார். நூறு டாலர் வரை ட்ரூவே கையெழுத்துப் போடலாம் என்பதால், செலவை 99 டாலர் பில்களாக உடைத்து மெஷினை வாங்கினார் என்று சொல்வார்கள். 1925இல் மாஸ்கிங் டேப் வந்தது. ஊழியர்கள் தங்கள் நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்பது பிறகு அங்கே வழக்கமாகவே ஆனது.

அதே கம்பெனிக்கு 2000 கடைசியில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்து ஜேம்ஸ் மெக்நெர்னி தலைவராக வந்தார். எல்லாவற்றையும் அளந்து குறைகளைக் குறைக்கும் ‘சிக்ஸ் சிக்மா’ முறையைக் கொண்டுவந்தார். தொழிற்சாலைகளில் அது நல்ல பலன் தந்தது, லாபமும் ஏறியது. ஆனால் ஆய்வுக்கூடத்துக்கும் அதே முறைதான். ஒவ்வொரு கட்டத்திலும் அறிக்கை, சந்தைக் கணக்கு. 2005இல் அவர் போயிங்குக்குப் போனார். அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி, ஆராய்ச்சியாளர்களை அந்தக் கெடுபிடியிலிருந்து பெருமளவு விடுவித்தார்.

ஒட்டி உரிக்கும் குறிப்புத்தாளான போஸ்ட்-இட் அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான். 1968இல் அங்கே விஞ்ஞானியாக இருந்த ஸ்பென்சர் சில்வர் பலமான பசை தேடப் போய், லேசாக ஒட்டி எளிதில் உரியும் பசை கிடைத்தது. தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் நழுவாத அடையாளத்தாளுக்கு அது உதவும் என்று அவருடன் வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரைக்குத் தோன்றியது 1974இல். நாடு முழுக்க விற்பனைக்கு வந்தது 1980இல். பன்னிரண்டு வருடம்! 1969இல் யாராவது ‘எவ்வளவு மிச்சமாகும்’ என்று ஃபாரத்தை நீட்டியிருந்தால் சில்வரிடம் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அதற்காக ஆளை விட்டுவிட்டால் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. 1977இல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தபோது அந்தத் தாள் சரியாகப் போகவில்லை. நிர்வாகம் மூடிவிடவில்லை. மறு வருடம் அமெரிக்காவின் பாய்சி நகரத்தில் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பயன்படுத்தியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் காசு கொடுத்தும் வாங்குவோம் என்றார்கள். மேலே இருப்பவர் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

எம்.டி.யை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, சரி. உங்கள் லைனில் ஏதாவது நோண்டிக்கொண்டிருக்கும் ஒரு ஃபிட்டர் கட்டாயம் இருப்பார். வாரத்தில் ஒரு மதியம் அவரிடம் விடுங்கள். ஸ்க்ராப்பிலிருந்து வேண்டியதை எடுக்கச் சொல்லுங்கள். சில்லறைச் செலவுக்கு நீங்களே கையெழுத்துப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். அதுவரை அந்த ஃபாரத்தை அவரிடம் நீட்டாதீர்கள்.

அன்புடன்.