நடுமுதுகில் நின்றுவிட்ட கூந்தல்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

எனக்கு ஊர் பல்லடம் பக்கம். வயது 29. நாலு வருஷத்துக்கு முன் தோள்வரை வெட்டிய முடி, இரண்டு வருஷத்தில் நடுமுதுகுக்கு வந்தது. அதன்பின் ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை. நுனி வெடிக்கிறது, பிடரியில் சிக்கு விழுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு இன்ச் வெட்டினால்தான் வளரும் என்று பார்லரில் சொன்னார்கள், தவறாமல் வெட்டுகிறேன். வீட்டில் போர் தண்ணீர், சோப்பு நுரைக்காது. செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளிப்பேன். அன்று கை நிறைய முடி வருகிறது. காலை ஏழரைக்கு வண்டியில் கம்பெனிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் ஈரத்தோடு பின்னி, பூ வைத்துக்கொண்டு போய்விடுவேன். பொடுகும் அரிப்பும் இருக்கிறது. அமுச்சி (பாட்டி) தினமும் எண்ணெய் வை, அரைப்புப் (உசிலை இலைப் பொடி) போட்டுக் குளி என்கிறார். தோல் மருத்துவர் எண்ணெயே வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? இடுப்புக்குக் கீழே வளர என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முடி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வளர்ந்ததையெல்லாம் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கணக்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தலைமுடி சராசரியாக மாதத்துக்கு 1 முதல் 1.25 செ.மீ. வளரும். இரண்டு மாதத்தில் 2 முதல் 2.5 செ.மீ. ஒரு இன்ச் என்பது 2.54 செ.மீ. இரண்டு வருஷத்தில் 12 தடவை வெட்டியிருந்தால் 30 செ.மீ. தரையில் விழுந்திருக்கிறது. அது தலையில் இருந்திருந்தால் இந்நேரம் இடுப்பைத் தாண்டியிருக்கும்.

நுனியை வெட்டினால் வேர் வேகம் பிடிக்கும் என்பதில் உண்மை இல்லை. தோலுக்கு வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது. நுனியில் கத்தரி பட்டது வேருக்குத் தெரியாது. வெட்டுவதால் வரும் நன்மை ஒன்றே ஒன்று: வெடித்த நுனி மேல்நோக்கிக் கிழிந்துகொண்டே போகாமல் நிற்கும். அதற்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை அரை இன்ச் போதும். வருஷத்துக்கு நாலு செ.மீ.கூடப் போகாது, குறைந்தது எட்டு செ.மீ. மிஞ்சும்.

ஆனால் வெட்டுவதைக் குறைத்தால் மட்டும் போதாது. நுனி உடைவதற்கான காரணங்கள் அப்படியே இருந்தால் முடி நீளும், பின்னல் கீழே எலிவாலாகிவிடும். எனவே மற்றவற்றையும் பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு சோதனை. ஒரு வாரம், சீப்பிலும் குளியலறையிலும் வரும் முடியைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் சேர்த்து வையுங்கள். வாரக் கடைசியில் கறுப்புத் துணிமேல் பரப்பி, வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் இரு முனையையும் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் குண்டூசித் தலையை விடச் சிறிய குமிழ் இருந்தால் அது ஆயுள் முடிந்து வேரோடு உதிர்ந்தது. குமிழே இல்லாமல், நீளமும் அரைகுறையாக இருந்தால் அது வழியில் ஒடிந்தது. இரண்டும் ‘முடி கொட்டுகிறது’ என்றே பேசப்படுகின்றன. வைத்தியமோ வேறு வேறு. உதிர்வதற்குக் காரணம் உடம்புக்குள் இருக்கும். ஒடிவதற்குக் காரணம் கையிலும் தண்ணீரிலும் சீப்பிலும் இருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். குமிழோடு விழுந்த முடியெல்லாம் உங்கள் பின்னல் நீளத்துக்கே இருந்து, நுனியும் வெடிக்காமல் இருந்தால், உங்கள் முடியின் வளர்பருவமே, அதாவது ஒரு முடி உதிராமல் வளரும் காலமே, அவ்வளவுதான் என்று பொருள். அது ஆளுக்கு ஆள் இரண்டு முதல் ஆறு வருஷம் வரை மாறும், மரபில் வருவது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு அப்படி இருக்கும் என்று தோன்றவில்லை.

குளிக்கும் அன்று கை நிறைய வருவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. வெள்ளி குளித்துவிட்டு அடுத்து செவ்வாய் குளிக்கும்போது நாலு நாள் உதிர்ந்தது பின்னலுக்குள் சிக்கி நின்று ஒன்றாக வருகிறது. நீள முடி என்பதால் நூறு முடியே பெரிய பந்து போலத் தெரியும்.

இப்போது நுனி வெடிப்பு. முடியின் மேற்புறம் ஓட்டுக்கூரை மாதிரி. ஓடு மேல் ஓடாக மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கும். உங்கள் முடியின் நுனிக்கு நாலைந்து வயதாகிறது. அத்தனை வருஷ வெயிலும் உப்புத் தண்ணீரும் சீப்பும் அந்த ஓடுகளைப் பெயர்த்திருக்கும். ஓடு போன இடத்தில் உள்ளிருக்கும் நார்கள் பிரிவதுதான் வெடிப்பு. அதை ஒட்டவைக்கும் சீரமோ எண்ணெயோ கிடையாது. வழவழப்புப் பூசி அடுத்த குளியல்வரை மறைக்கும், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில், காய்ந்த முடியை விரல் பருமனுக்குப் பிரித்து, லேசாக முறுக்குங்கள். வெடித்த நுனிகள் முறுக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வெடிப்புக்கு அரை செ.மீ. மேலே அவற்றை மட்டும் நறுக்குங்கள். நீளத்தில் ஒன்றும் குறையாது. முடி வெட்டும் கத்தரியை இதற்கென்றே தனியாக வைத்திருங்கள். பால் கவர் வெட்டும் கத்தரி நுனியை நசுக்கி, வெட்டிய இடத்திலேயே புது வெடிப்பை உண்டாக்கும்.

ஈரத்தோடு பின்னுவதுதான் உங்கள் வழக்கங்களில் மிக மோசமானது. ஈர முடி உப்பி, காய்ந்த முடியைவிட அதிகம் இழுபடும். இழுத்த இழுப்பில் ஒரு கட்டத்துக்கு மேல் திரும்பாது. அந்த நிலையில் இறுக்கிப் பின்னினால் காயும்போது இறுக்கம் இன்னும் கூடும். பின்னல் உள்ளே மதியம்வரை காயாது. மேலே பூ வேறு ஈரத்தைப் பிடித்து வைக்கும். தலையில் பொடுகு இருப்பவருக்கு இந்தப் புழுக்கம் பூஞ்சைக்கு விருந்து. தினமும் ஈரத்தோடு கட்டுபவர்களுக்கு முடித்தண்டிலேயே வெள்ளையாக, மணல் ஒட்டியது போல, பூஞ்சை முடிச்சுகள் வருவதும் உண்டு. பேன் முட்டையான ஈர் என்று நினைத்து ஈர்வலி போட்டு வாரிக்கொண்டிருப்பார்கள். ஈர் முடியில் ஒரு பக்கமாகக் கெட்டியாக ஒட்டியிருக்கும், லேசில் வராது. இந்த முடிச்சு நகத்தால் இழுத்தால் உருவிக்கொண்டு வரும். அப்படி இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செவ்வாய், வெள்ளிக் குளியலைத் திங்கள், வியாழன் சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். வீட்டில் மனசு ஒப்பாவிட்டால் ஞாயிறு காலை ஒன்று, புதன் சாயங்காலம் ஒன்று. இந்த ஒரு மாற்றத்தால் வருவது போன்ற பலன் வேறெதிலும் வராது. குளித்ததும் துண்டால் முடியைப் பட் பட்டென்று அடித்து உதறும் பழக்கம் நம் வீடுகளில் உண்டே, அதை விட்டுவிடுங்கள். ஓடுகளைப் பெயர்க்கும் வேலை அது. பழைய பருத்தி வேட்டித் துணியால் அழுத்தி ஒற்றி, சுற்றி, பத்து நிமிஷம் வைத்தால் போதும். பிறகு விரித்துவிட்டுக் காற்றில் காயட்டும். சாம்பிராணி போடுவதானால் புகை மட்டும் படட்டும், தணலின் சூடு முடிக்கு வரக்கூடாது.

எண்ணெய் விஷயத்தில் அமுச்சி சொல்வதும் சரி, மருத்துவர் சொல்வதும் சரி. அவர் முடியைப் பார்த்துச் சொல்கிறார், இவர் தலைத்தோலைப் பார்த்துச் சொல்கிறார். பொடுகுக்குக் காரணமான நுண்பூஞ்சை தோலில் இருக்கும் எண்ணெய்ப்பசையைத் தின்று வளர்வது. உச்சந்தலையில் எண்ணெய் வைத்து ஊறவிடுவது அதற்குத் தீனி போடுவதுதான். முடித்தண்டின் கதை வேறு. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, குளிக்கும்போது முடி தண்ணீரை உறிஞ்சி உப்புவதைக் குறைக்கும். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான இந்திய ஆய்வில், முடி புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. எனவே தலைக்குக் குளிப்பதற்கு முந்தைய இரவு, முடியாவிட்டால் ஒரு மணி நேரம் முன்பு, இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயைக் காதுக்குக் கீழேயுள்ள முடிக்கு மட்டும் தடவுங்கள். நுனிக்கு அதிகம், மேலே போகப் போகக் குறைவு. தோலில் படவேண்டாம்.

பொடுகுக்கு 2 சதவீதக் கீட்டோகொனசோல் ஷாம்பு, வாரம் இரண்டு தடவை, நாலு வாரம். தலைத்தோலில் மட்டும் தேய்த்து ஐந்து நிமிஷம் கடிகாரம் பார்த்து வைத்திருந்து அலசுங்கள். போட்டவுடனே அலசிவிட்டு ‘கேட்கவில்லை’ என்று சொல்பவர்கள்தான் அதிகம். அடங்கியபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுவந்தால் திரும்ப வருவது குறையும். கர்ப்பமாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எந்த ஷாம்பு ஆனாலும் நேரே தலையில் ஊற்றாமல் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரோடு குழைத்து, விரல் நுனியால் தோலில் தேயுங்கள். முடியை உச்சிக்குத் தூக்கிச் சுருட்டிக் கசக்காதீர்கள். பிடரிச் சிக்கில் பாதி அங்கேதான் பிறக்கிறது. அலசும்போது வழியும் நுரையே கீழ்முடிக்குப் போதும். பிறகு கண்டிஷனரைக் காதுக்குக் கீழே தடவி மூன்று நிமிஷம்.

அரைப்பு நல்ல பொருள். உசிலை இலை, முடியை வறட்டாது, அமுச்சி கைப்பட வடிகஞ்சியில் குழைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. கெடுப்பது அதன் திப்பி. அரைத்த பொடி நைசாக இல்லாவிட்டால் இலைத்துணுக்கு பிடரியில் தங்கும், காய்ந்தபின் அதைச் சீப்பால் உருவும்போது முடி ஒடியும். மெல்லிய துணியில் சலித்த பொடியை மட்டும் எடுங்கள்; குழைத்ததையும் ஒருமுறை துணியில் பிழிந்து, வடிந்த சாற்றைப் போடுங்கள். சீயக்காய்க்கும் இதே விதிதான். ஆனால் மருந்து ஷாம்பு ஓடும் நாலு வாரமும் அரைப்பு வேண்டாம்.

அடுத்து உங்கள் போர் தண்ணீர். சோப்பு நுரைக்காமல் தயிர் திரிந்தது போல ஆகிறதென்றால் அதில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. அவை முடியில் படிந்து சொரசொரப்பாக்குகின்றன; ஒரு முடி இன்னொன்றை உரசிப் பிடித்துக்கொள்கிறது. காய்ச்சினால் ஒரு பகுதி உப்புதான் படியும், முழுக்கப் போகாது. முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் தேட வேண்டாம், கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு லிட்டர் குடிநீரோ மழைநீரோ எடுத்து வையுங்கள். மாதம் இரண்டு தடவை, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு கலந்து, முடியில் மட்டும் ஊற்றி, இரண்டு நிமிஷத்தில் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். படிந்த உப்பு கரையும். அப்படியே விட்டுவிட்டு வெயிலில் போனால் முடி வறண்டு நிறம் வெளுக்கும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக்கூடாதென்று தலைக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பு போர் தண்ணீரைவிட அதிகம். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பிடரிச் சிக்குக்கு வண்டியும் ஒரு காரணம். காற்று, வியர்வை, சுடிதார்க் கழுத்து, சங்கிலிக் கொக்கி எல்லாம் சேரும் இடம் அது. பின்னலைத் துப்பட்டாவுக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். சிக்கெடுப்பது காய்ந்த முடியில்தான். நாலாகப் பிரித்து, உள்ளங்கையில் ஐந்தாறு சொட்டு எண்ணெய் தேய்த்து சிக்கின்மேல் தடவி, சிக்குக்கு மேலே முடியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்; இழுவை வேருக்குப் போகாது. முதலில் விரலால் பிரித்து, பிறகு அகலப் பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்து நாலு விரல் நாலு விரலாக மேலே ஏறுங்கள். சீப்பைப் பழைய ஷிஃபான் துப்பட்டாமேல் இழுத்துப் பாருங்கள். நூலைப் பிடித்து இழுத்தால் பல்லிடுக்கில் அச்சில் வார்த்தபோது மிஞ்சிய கூர்விளிம்பு இருக்கிறது. முடியையும் அப்படித்தான் அறுக்கும், வேறு வாங்குங்கள். ரப்பர் பேண்டும், முனையில் உருண்டை போன ஹேர்பின்னும் அதே வேலையைச் செய்பவை. ராத்திரி தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுத் தூங்குங்கள்.

கவரில் சேர்த்த முடியில் குமிழோடு இருப்பது மிக அதிகமாக இருந்தாலோ, வகிடு அகலமாகத் தெரிந்தாலோ மேலே சொன்னது எதுவும் உதவாது. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் டெங்கு, டைபாய்டு மாதிரி பெரிய காய்ச்சல் வந்திருந்தால் அந்த உதிர்வு சில மாதங்களில் தானாக நிற்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டக்கூடும்.

நீளத்தை வாரா வாரம் பார்க்க வேண்டாம். தையல் டேப்பை நெற்றி முடி தொடங்கும் இடத்தில் வைத்து, உச்சி வழியாகப் பின்னே இறக்கி, காய்ந்த முடியின் நுனிவரை அளந்து காலண்டரில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதேபோல் ஒருமுறை, கத்தரி படுவதற்கு முன். மூன்று செ.மீ.யை ஒட்டி ஏறியிருக்க வேண்டும். ஒரு செ.மீ.கூட ஏறவில்லை என்றால் இன்னும் எங்கோ ஒடிகிறது. திரும்ப ஒரு வாரம் கவரில் சேர்த்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.