கொரோனா வார்டில் வேலை பார்த்தவர்கள் ஏன் புகைபிடித்தார்கள்?

மூச்சுக்குத் தவிக்கும் நோயாளிகளை நாள்தோறும் பார்த்த மருத்துவப் பணியாளர்களே கொரோனா காலத்தில் எப்படிப் புகைபிடித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2021-இல் இரண்டாம் அலையின்போது தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனை ஒன்றில், கோவிட் வார்டில் செவிலியராக இருந்தேன். நாளுக்கு நான்கு சிகரெட் பிடித்துவந்த நான், அந்த மே மாதத்தில் பன்னிரண்டு பிடித்தேன்.

ஆறு மணி நேரப் பணி முழுவதும் கவச உடைக்குள்தான் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்குப் போகவோ முடியாது. இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், பணி முடிவதற்கு வெகு முன்பே எரிச்சலும் கவனச் சிதறலும் தொடங்கிவிடும். உடையைக் கழற்றி, குளித்து, வெளியே வந்து இழுத்த முதல் சிகரெட் தணித்தது அந்த எரிச்சலைத்தான். ஆனால் அன்று காலை நம் கண்ணெதிரே இறந்தவரைப் பற்றிய துயரத்தையே அது ஆற்றியதாக மனம் எடுத்துக்கொண்டது. துயரம் மிகுந்த நாள்களில் எண்ணிக்கையும் கூடியதற்கு இந்த மயக்கமே முதற்காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மருத்துவமனை வளாகத்தில் புகைபிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதால், பின்வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் கூடுவோம். வார்டுக்குள் முகக்கவசத்தை நூலளவும் நெகிழ்த்தாத நாங்கள், அங்கே அதைக் கழற்றிவிட்டு, ஒரே லைட்டரைக் கைமாற்றி, கைக்கெட்டும் தூரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நுரையீரல் கெடுவது ஒருபுறம் இருக்க, தொற்று பரவ அதைவிட வசதியான இடம் மருத்துவமனையில் வேறு இருந்திருக்காது.

அறிவு எங்களைத் தடுக்கவில்லையா என்றால், அரைகுறை அறிவு சாக்காகவும் பயன்பட்டது. நிக்கோட்டின் கொரோனாவிலிருந்து காக்கக்கூடும் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலர் 2020 ஏப்ரலில் முன்வைத்த கருதுகோளை எங்களில் சிலர் பிடித்துக்கொண்டோம். புகைபிடிப்போருக்கு நோய் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் அடுத்த மாதமே அறிவித்ததை யாரும் எடுத்துப் பேசவில்லை. சிகரெட் முடித்த கையோடு விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி, 98 என்று காட்டியதைக் கண்டு ஆறுதல் அடைந்திருக்கிறேன். சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே அந்தக் கருவி கணக்கிடும் என்பது பயிற்சியில் படித்த பாடம்தான். படித்திருந்தும் அந்த எண்ணையே நம்ப விரும்பினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புகைபிடிப்பவர் "பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வருகிறேன்" என்றால் மேலதிகாரி தலையசைத்துவிடுவார். எங்களோடு பணியாற்றிய பெண் செவிலியர்களில் எவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அவர்களுக்கு அந்தப் பத்து நிமிடமும் இல்லை. கவச உடையைக் கழற்றிய பின் உட்கார ஒரு அறையும் ஒரு குவளைத் தேநீரும் எல்லோருக்கும் கிடைத்திருந்தால், புதிதாக அந்த மரத்தடிக்கு வந்து சேர்ந்த பயிற்சி மருத்துவர்கள் சிலரேனும் வராமல் இருந்திருப்பார்கள்.

அலை ஓய்ந்தும் என் எண்ணிக்கை தானாக இறங்கவில்லை. இரண்டு மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கத்தின் துணையோடு, மூன்றாவது முயற்சியில்தான் விட்டேன். இரவுப் பணியின் நடுவே பத்து நிமிடம் வெளியே போய் நிற்பதை மட்டும் விடவில்லை. இப்போது உடன் பணியாற்றும் செவிலியர்களையும் முறைவைத்து அனுப்புகிறேன்.