கேட் புஷ்: 12 வருட இடைவெளி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் நான்காவது சீசன் வழியாகத்தான் பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ பாடல் எனக்கு அறிமுகமானது. அதற்கப்புறம் பல நாட்கள் அவரைத் தவிர வேறு யாரையும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையைப் பற்றிப் படிக்கப் படிக்கக் கோபம்தான் வருகிறது. 19 வயதில் பிரிட்டனில் முதலிடம். அதிலிருந்து இன்றுவரை மொத்தமே 10 ஸ்டூடியோ ஆல்பங்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடியது ஒரே ஒரு இசைப்பயணம். நடுவில் 12 வருடம் ஆல்பமே இல்லை. இதையெல்லாம் சுதந்திரம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு ஒரு பெரிய திறமை வீணாகிவிட்டது போலத்தான் தெரிகிறது. அதோடு, கம்பெனிக்காரர்களிடம் மறுத்துப் பேசும் வசதி அவருக்கு இருந்தது. எல்லாப் பாடகர்களுக்கும் அது வாய்க்குமா? உங்கள் கருத்தை அறிய ஆசை. அவரை ஒழுங்காகக் கேட்க எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

பிடித்துப்போன ஒருவரிடமிருந்து இன்னும் நிறைய வேண்டும் என்று கேட்பது வாசகருக்கும் ரசிகருக்கும் உள்ள உரிமை. அதனால் உங்கள் கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 12 வருடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் 1978ஆம் ஆண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் பின்னால் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அந்த வருடம் ஜனவரியில் அவருடைய முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டாக வரும் இசைத்தட்டு, வந்தது. எமிலி பிராண்டேயின் நாவலை வைத்து 18 வயதில் எழுதிய ‘வுதரிங் ஹைட்ஸ்’. இறந்துபோன நாயகி, ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே விடச் சொல்லிக் கேட்கும் பாட்டு. ஈ.எம்.ஐ. இசைத்தட்டுக் கம்பெனிக்கு அதை முதலில் விட விருப்பமில்லை. ராக் சாயல் கொண்ட வேறொரு பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கேட் ஒப்புக்கொள்ளவில்லை, இதுதான் முதலில் வர வேண்டும் என்று உறுதியாக நின்றார். அதோடு விடவில்லை. உறையில் போட்ட படம் பிடிக்காததால் நவம்பரில் வர வேண்டிய சிங்கிள் ஜனவரிக்குத் தள்ளிப்போனது. ஒரு பாட்டுகூட வெளிவராத 19 வயதுப் பெண், அந்தக் காலத்தின் மிகப்பெரிய கம்பெனிகளில் ஒன்றிடம் இப்படிப் பேசியிருக்கிறார். பாட்டு நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. தானே எழுதிய பாட்டைத் தானே பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்த முதல் பெண் அவர்தான். எழுதுபவர் ஒருவர், மெட்டுப் போடுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்றே கேட்டுப் பழகிய நமக்கு இதன் கனம் சட்டென்று பிடிபடாது.

சரி, இது வெற்றிக் கதை. அதே வருடம் நவம்பரில் என்ன நடந்தது என்று பாருங்கள். முதல் ஆல்பம் பிப்ரவரியில் வந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை உடனே கொண்டுவரச் சொல்லி நெருக்கினார்கள். ‘லயன்ஹார்ட்’ வந்தது. அதற்கென்று புதிதாக எழுதிய பாடல்கள் மூன்றுதான். மற்றவையெல்லாம் முன்பே எழுதி வைத்திருந்தவை. அது அவசரத்தில் செய்த வேலை என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். கேட்டாலும் தெரிகிறது. மோசமான ஆல்பம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாடல்கள் வேகாமல் இறக்கப்பட்டிருக்கின்றன. அதற்கப்புறம் அவர் எந்த ஆல்பத்தையும் அந்த மாதிரி அவசரத்தில் கொடுத்ததில்லை. நீங்கள் வீண் என்று நினைக்கும் தாமதம் அங்கே பிறந்ததுதான்.

அடுத்து இசைப்பயணம். 1979 ஏப்ரலிலும் மே மாதத்திலுமாக ஐரோப்பாவில் ஆறு வாரம் போல நடந்தது. நடனம், மாயாஜாலம், அடிக்கடி மாறும் உடைகள் என்று முழு நாடகமாகவே செய்தார். ஆடிக்கொண்டே பாட வேண்டும், கையில் மைக் பிடிக்க முடியாது. துணி மாட்டும் கம்பி ஹேங்கரை வளைத்து, தலையில் மாட்டிக்கொள்ளும் மைக் ஒன்றை அவருடைய ஒலிப் பொறியாளர் செய்து கொடுத்தார். இன்று மேடையில் ஆடிப் பாடும் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் கருவிக்கு முன்னோடிகளில் ஒன்று அது. பயணத்தின் தொடக்கத்திலேயே, ஒத்திகை போல நடந்த முதல் நிகழ்ச்சி முடிந்த இரவில், ஒளியமைப்பாளர் பில் டஃபீல்ட் விபத்தில் அடிபட்டு, பின்னர் இறந்துபோனார். சின்ன வயது. அவருடைய குடும்பத்துக்காக லண்டனில் தனியாக ஒரு நிகழ்ச்சியும் நடத்தினார்கள். அதற்குப் பிறகு 35 வருடம் கேட் முழுநீள நிகழ்ச்சி எதையும் மேடையேற்றவில்லை.

பயந்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. வீட்டுக்குள் ஒளிந்துகொண்டவர், விசித்திரமானவர் என்றெல்லாம் கதை கட்டினார்கள். ஆனால் அவர் அந்த வருடங்களில் எங்கே இருந்தார் என்பதில் ஒரு மர்மமும் இல்லை. ஸ்டூடியோவில் இருந்தார்.

பாடகர் பீட்டர் கேப்ரியல் மூலம் ஃபேர்லைட் என்ற கருவி அவருக்கு அறிமுகமாகிறது. எந்த ஓசையையும் பதிவு செய்து கீபோர்டில் சுரமாக வாசிக்க வைக்கும் ஆரம்பகால சாம்ப்ளர் அது. 1980இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் கண்ணாடி உடையும் சத்தத்தைக்கூட அதில் ஏற்றி வாசித்திருக்கிறார். பியானோ முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவருக்கு, மனதில் கேட்கும் சத்தத்தை யார் தயவும் இல்லாமல் தானே செய்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்துவிட்டது. 1982இல் ‘தி ட்ரீமிங்’ ஆல்பத்தை முழுக்கத் தானே தயாரித்தார். லண்டனில் பல ஸ்டூடியோக்கள் மாறி மாறிப் பதிவு செய்தார். வாடகை ஸ்டூடியோவில் நேரம் என்பது டாக்சி மீட்டர் மாதிரி. நீங்கள் யோசித்துக்கொண்டு சும்மா நின்றாலும் ஓடும். ஆல்பம் மூன்றாவது இடம் வரை போனது, ஆனால் முன்பு போல விற்கவில்லை. கம்பெனிக்கும் திருப்தியில்லை. என்னைக் கேட்டால் அவருடைய மிகத் துணிச்சலான ஆல்பம் இதுதான். நெரிசலும் கூச்சலுமாக இருக்கிறது, ஆனால் ஒரு பாட்டுகூட இன்னொருவர் செய்திருக்கக் கூடியதாக இல்லை.

இந்த இடத்தில் பொதுவாக என்ன நடக்கும்? விற்கவில்லை, ஆகவே அடுத்ததற்கு ஒரு பெயர்பெற்ற தயாரிப்பாளரைப் போடுவார்கள். கேட் செய்தது வேறு. பெற்றோரின் பண்ணை வீட்டில் தனக்கென்று ஒரு ஸ்டூடியோ கட்டிக்கொண்டார். பணம் வந்ததும் பெரும்பாலானவர்கள் வாங்குவதையெல்லாம் விட்டுவிட்டு நேரத்தை வாங்கினார் என்று சொல்லலாம். மீட்டர் நின்றுபோனது.

இதனால் வேலை செய்யும் முறையே மாறியது. வழக்கமாக வீட்டில் ஒரு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, எடுப்பார்கள், பிறகு பெரிய ஸ்டூடியோவுக்குப் போய் அதே பாட்டை முதலிலிருந்து மறுபடி பதிவு செய்வார்கள். டெமோவில் இருந்த ஏதோ ஒன்று அதில் தொலைந்துபோகும். சொந்த ஸ்டூடியோவில் அவர் டெமோவையே வைத்துக்கொண்டு அதன் மேலேயே கட்டிக்கொண்டு போனார். ‘ரன்னிங் அப் தட் ஹில்’ அப்படி வந்ததுதான். மறுபடி கேட்கும்போது கவனியுங்கள்: அவருடைய பாஸ் கிடார் கலைஞர் டெல் பால்மர் டிரம் மெஷினில் அமைத்த அந்த ஓயாத தாளம், அதன்மேல் ஃபேர்லைட்டில் செல்லோ ஓசையை வைத்து வாசித்த அந்தச் சிறு இசைத்துணுக்கு. பாட்டின் எலும்பு முழுக்க அதுதான். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பெரிதாக மாறுவதே இல்லை. குரல்தான் அதன்மேல் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு ஆணும் பெண்ணும் ஒருவர் இடத்தில் மற்றவர் இருந்து பார்க்க முடிந்தால் இத்தனை காயம் இருக்காதே, அதற்குக் கடவுளோடு ஒரு ஒப்பந்தம் போட முடியுமா என்பது பொருள்.

இங்கே உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் எதற்குமே இணங்காதவர் என்ற பிம்பம் சரியில்லை. இந்தப் பாட்டுக்கு அவர் வைத்த பெயர் ‘எ டீல் வித் காட்’. தலைப்பில் கடவுள் இருந்தால் மத நம்பிக்கை மிகுந்த நாடுகளில் வானொலிகள் ஒலிபரப்பாது என்று கம்பெனி பயந்தது. முந்தைய ஆல்பம் சரியாகப் போகாத நேரம். கேட் யோசித்து, பாட்டுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று விட்டுக்கொடுத்தார். ஆல்பத்தில் மட்டும் பழைய பெயர் அடைப்புக்குறிக்குள் நின்றது. பாட்டின் ஒரு சுரத்தையும் மாற்றவில்லை, ஒரு வரியையும் மாற்றவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற இந்தத் தெளிவைத்தான் நான் சுதந்திரம் என்பேன். 1985இல் வந்த ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பம் மடோனாவை இறக்கிவிட்டு பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது.

பொறுமைக்கு இன்னொரு உதாரணம். 1989இல் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலில் கடைசியில் வரும் மோலி புளூம் என்ற பாத்திரத்தின் வார்த்தைகளை அப்படியே பாட விரும்பினார். ஜாய்ஸின் வாரிசுதாரர்கள் அனுமதி தரவில்லை. தானே வேறு வரிகள் எழுதிப் பாடினார். அதுவும் அருமையான பாட்டு. 2011இல் வந்த ஆல்பத்துக்காகத் திரும்பக் கேட்டார், இந்த முறை அனுமதி கிடைத்தது. முதலில் நினைத்தபடியே மீண்டும் பதிவு செய்தார். 22 வருடம் ஒரு பாட்டை மனதிலிருந்து இறக்கி வைக்காதவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியுமா?

இனி அந்த 12 வருடம். 1992இல் அவருடைய அம்மா இறந்தார். 1993இல் வந்த ‘தி ரெட் ஷூஸ்’ எனக்கு அவ்வளவாகப் பிடித்த ஆல்பம் இல்லை. விருந்தினராக வந்த கலைஞர்கள் அதிகம், ஒலி தட்டையாக இருக்கிறது. அதன் பாடல்கள் பலவற்றைப் பின்னாளில் அவரே எடுத்து மறுபடி செய்தார். அதன்பின் 1998இல் மகன் பிறந்தான். ஒரு பெண் தன் அம்மாவை இழந்து, கொஞ்ச காலம் ஓய்ந்து, பிறகு குழந்தை வளர்த்துக்கொண்டே மெல்ல மெல்ல ஒரு இரட்டை ஆல்பம் செய்திருக்கிறார். 2005இல் ‘ஏரியல்’ வந்தது. அதில் ஒரு பாட்டு முழுக்க வாஷிங் மெஷினுக்குள் சுழலும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. இன்னொன்றில் பை என்ற கணித மாறிலியின் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பாடுகிறார். இரண்டாவது தட்டு முழுக்கப் பறவைகளின் சத்தத்தோடு ஒரு நாள் பிற்பகல் தொடங்கி மறுநாள் விடியல் வரை போகிறது. வீட்டில் இருந்த வருடங்கள் வேறெங்கும் போகவில்லை ச., அந்த ஆல்பத்துக்குள்தான் இருக்கின்றன.

வசதி பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது, அதை நான் தள்ளிவிட மாட்டேன். அப்பா டாக்டர். அண்ணன்கள் இருவரும் இசையில் ஈடுபாடு கொண்டவர்கள். வீட்டில் இடம் இருந்தது. பிங்க் ஃப்ளாய்ட் ராக் இசைக்குழுவின் டேவிட் கில்மோர் தன் சொந்தப் பணத்தில் அவருக்கு முறையான டெமோ எடுத்துக்கொடுத்தார். ஒப்பந்தம் போட்ட கம்பெனியும் உடனே ஆல்பம் கேட்காமல் நடனம் கற்கவும் எழுதவும் அவகாசம் கொடுத்தது. இதெல்லாம் இல்லாத ஒரு 16 வயதுப் பெண், அதே திறமையோடு இருந்தும், யார் கண்ணிலும் படாமல் போயிருப்பாள். அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதனால் எல்லோரும் கேட் புஷ் மாதிரி காத்திருக்க வேண்டியதுதானே என்று இளம் பாடகர்களிடம் சொல்வது அநியாயம். ஆனால் அவரைவிட நூறு மடங்கு பணம் சம்பாதித்தவர்களும் கடைசிவரை அடுத்தவர் சொன்ன தேதிக்குப் பாட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2014இல் லண்டன் ஹேமர்ஸ்மித் அரங்கில் 22 இரவுகள் பாடினார். டிக்கெட்டுகள் 15 நிமிடத்தில் தீர்ந்துபோயின. போனில் படம் பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். ‘வுதரிங் ஹைட்ஸ்’ பாடவில்லை. முதல் நான்கு ஆல்பங்களிலிருந்து ஒரு பாட்டும் இல்லை. எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு. 35 வருடம் கழித்து வந்தும் பழைய வெற்றியைக் காட்டிக் கைதட்டு வாங்க அவருக்குத் தோன்றவில்லை. 2022இல் உங்கள் தொடர் வந்தது. 37 வருடம் பழைய பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் முதல்முறை வந்தபோது 30ஆவது இடத்தோடு நின்றுபோன அதே பாட்டு மூன்றாவது இடத்துக்கு வந்தது. அதைச் சாக்கிட்டு அவர் ஒரு பயணமும் கிளம்பவில்லை. தன் தளத்தில் நன்றி சொல்லி எழுதினார், அவ்வளவுதான்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி நைன்த் வேவ்’ என்று அதற்குப் பெயர், ஏழு பாடல்கள். இரவில் கடலில் தனியாக மிதக்கும் ஒரு பெண், தூங்கிவிடக் கூடாது என்று தன்னோடு போராடுவதுதான் கதை. நடுவில் நிறுத்தாமல், வரிசை மாற்றாமல் கேளுங்கள். பிறகு ‘தி ட்ரீமிங்’. முதல்முறை பிடிக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள், ஹெட்ஃபோனில் இன்னொரு முறை கேளுங்கள். ‘ஏரியல்’ கடைசியாக இருக்கட்டும். ‘லயன்ஹார்ட்’டை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அவசரமில்லை.

அன்புடன்.