கணக்கு வராத பிள்ளைக்கு பி.பி.ஏ. சரிவருமா?

"கணக்கு சுத்தமாக வராது. ஆனால் நன்றாகப் பேசுவான், நாலு பேரிடம் வேலை வாங்கத் தெரியும். பி.பி.ஏ. (வணிக மேலாண்மை இளநிலைப் பட்டம்) சேர்த்துவிடலாமா?" என்று கேட்கும் பெற்றோர் முதலில் ஒன்று செய்யுங்கள். சேர்க்க நினைக்கும் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, எண் புழங்கும் பாடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், புள்ளியியல், பொருளியல், நிதி மேலாண்மை, உற்பத்தி மேலாண்மை என்று பட்டியல் நீளும். மார்க்கெட்டிங்கையும் இப்போது வட்டத்துக்குள் போட வேண்டும்; எந்த விளம்பரத்தைப் பார்த்து எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்ப்பது அங்கே பெரிய வேலை. மனிதவளம், வணிகச் சட்டம், நிறுவன நடத்தை போன்ற சிலதான் வெளியே மிஞ்சும்.

அதற்காகப் பயப்படவும் வேண்டாம். தேவைப்படுவது பெரும்பாலும் சதவீதம், விகிதம், எளிய சமன்பாடு, அப்புறம் பொறுமை. பள்ளியில் முக்கோணவியலில் திணறிய பிள்ளை இங்கே நன்றாக வரலாம். எண்ணைக் கண்டாலே பக்கத்தைத் திருப்பும் பிள்ளைதான் சிரமப்படும்.

எப்படிப்பட்ட கணக்கு என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு பொருளின் விலை 50. ஒன்றைச் செய்ய ஆகும் மாறும் செலவு 30. வாடகை, சம்பளம் போன்ற நிலைச் செலவு மாதம் 60,000. ஒன்று விற்றால் 20 மிஞ்சும். ஆக 3,000 விற்றால்தான் கையைக் கடிக்காது. இதைத்தான் பிரேக் ஈவன் என்கிறார்கள். விற்பனையைக் கூட்ட 10 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று வையுங்கள். விலை 45, மிச்சம் 15. இப்போது 4,000 விற்க வேண்டும். விலையில் பத்தில் ஒரு பங்கு விட்டதற்கு, விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டியிருக்கிறது. இதைப் போட்டுக் காட்டினால் பிள்ளைக்குச் சுவாரசியம் தட்டுகிறதா, கொட்டாவி வருகிறதா என்று கவனியுங்கள். எந்த நுழைவுத் தேர்வையும்விட இது நன்றாகச் சொல்லிவிடும்.

முதல் ஆண்டில் பலர் இடறுவது கணக்கியலில். ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என இரு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494-இல் வெனிசில் அச்சிட்டு விளக்கினார். அடிப்படை இன்றும் அதேதான். எது பற்று, எது வரவு என்று பட்டியலாக மனப்பாடம் செய்வதுதான் தவறு. தினமும் பத்து நடவடிக்கைகளைக் கையால் எழுதி, பேரேட்டில் (கணக்குவாரியான புத்தகம்) ஏற்றி, இருப்பாய்வு (பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் பட்டியல்) வரை கொண்டுபோனால் ஆறே வாரத்தில் பிடிபட்டுவிடும். இரு பக்கமும் ஒத்துப்போகவில்லையா? வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்: 450-ஐ 540 என்று எழுதினால் வித்தியாசம் 90. வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்த்து அந்தத் தொகை ஏதாவது பதிவில் இருந்தால், அது தவறான பக்கத்தில் ஏறியிருக்கலாம். ஒத்துப்போனாலும் நிம்மதியில்லை, வேறு கணக்கில் ஏற்றிய தொகை இருப்பாய்வில் பிடிபடாது.

இன்னொரு வகை மாணவர்கள் எதிர்த்திசையில் கெடுகிறார்கள். மேலாண்மைச் சிந்தனையாளர் ஃபயோல் 1916-இல் எழுதிய 14 மேலாண்மைக் கோட்பாடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஒரு நிறுவனம் இலாபம் காட்டிக்கொண்டே சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் நிற்பது எப்படி என்று கேட்டால் விழிப்பார்கள். சரக்கு வாங்கிய 70,000-ஐ 30 நாளில் கட்டியாக வேண்டும், அதை 1,00,000-க்குக் கடனில் விற்றால் பணம் 90 நாள் கழித்துத்தான் வரும் என்றால், ஏட்டில் இலாபம் 30,000. இடையிலுள்ள 60 நாள் கல்லாவில் 70,000 குறை. நேர்காணலில் கேட்பது இந்த மாதிரிதான். (ஃபயோல் சுரங்கப் பொறியாளர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் எழுதியது வேலை பார்த்துக் கற்றதை.)

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது வேலைவாய்ப்பு விளம்பரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். "95 சதவீதம் வேலை" என்றால் எத்தனை பேரில் என்று கேளுங்கள். 100 பேர் படித்து, 40 பேர் மட்டும் பதிவு செய்து, அவர்களில் 38 பேருக்கு வேலை கிடைத்தாலும் 95 சதவீதம்தான். சராசரிச் சம்பளமும் அப்படியே. ஐந்து பேரின் சம்பளம் 20, 22, 24, 25, 109 என்றால் சராசரி 40. நடுவில் இருப்பவர் வாங்குவது 24. இந்த நடுமதிப்பைக் கேளுங்கள்; சொல்ல மறுத்தால் காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சர்வதேச அங்கீகாரம் என்று சின்னம் போட்டிருந்தால், அது எதற்கான அங்கீகாரம் என்று பாருங்கள். ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ் என்னும் அங்கீகாரங்கள் இரண்டும் கல்லூரியை முழுதாகப் பார்ப்பவை. ஆம்பா என்னும் அங்கீகாரம் முக்கியமாக எம்.பி.ஏ. போன்ற முதுநிலைப் படிப்புகளுக்கானது. அந்தச் சின்னத்தை வைத்து இளநிலைப் படிப்பை எடைபோட முடியாது.

ஆடிட்டர் ஆவது என்று பிள்ளை தீர்மானமாக இருந்தால் கணக்கியல் அல்லது வணிகவியல் பட்டமே நேர்வழி. பி.பி.ஏ. படித்தும் போகலாம், ஆனால் ஏ.சி.சி.ஏ. (பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் அமைப்பு) நடத்துவது போன்ற தொழில்முறைத் தேர்வுகளில் எந்தத் தாள்களுக்கு விலக்கு கிடைக்கும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி, படிப்புக்குப் படிப்பு மாறும். சேருமுன் தாள்வாரியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சேர்ந்த பிறகு, முதல் ஆண்டிலேயே எக்செல்லில் பிவட் டேபிள் (தொகுத்துக் காட்டும் அட்டவணை), லுக்அப் (தேடி எடுப்பது), இஃப் (நிபந்தனை வைப்பது) மூன்றும் கைவர வேண்டும். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் எட்டு வாரமாவது இன்டர்ன்ஷிப். பெரிய பெயர் வேண்டியதில்லை. கணக்குப் புத்தகத்தைக் கண்ணில் காட்டும் சின்ன நிறுவனம், தேநீர் நேரத்தில் மட்டும் அழைக்கும் பெரிய நிறுவனத்தைவிட மேல். "மார்க்கெட்டிங் பிரிவில் உதவினேன்" என்று பயோடேட்டாவில் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எத்தனை வாடிக்கையாளர் புகார்களைப் பிரித்தார், அதில் எது அதிகம் என்று கண்டார், அதனால் என்ன மாறியது என்று எழுதட்டும். அந்த எண்களை அன்றன்றே குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிருக்காது.

பட்டம் முடித்த கையோடு எம்.பி.ஏ.வா? அடிப்படைப் பாடங்களில் பாதி திரும்ப வரும். பல நல்ல எம்.பி.ஏ. படிப்புகள் இரண்டு மூன்று வருட வேலை அனுபவமும் எதிர்பார்க்கின்றன. வேலை அனுபவமில்லாதவர்களுக்கென்றே நடக்கும் மேலாண்மை முதுநிலைப் படிப்புகள் தனி. அதற்கும் அவசரம் வேண்டாம். முதல் வேலையில் எந்தப் பாடம் இடிக்கிறது என்று தெரிந்த பிறகு தேர்ந்தெடுக்கட்டும்.