18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உடையைக் கையாலேயே தைக்கக் கற்பது: எதில் தொடங்குவது?

கேள்வி இது: "மெஷினில் ப்ளவுஸ், சுடிதார் தைக்கத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களின் உடையை அன்று தைத்த முறையிலேயே, முழுக்கக் கையால் தைக்க ஆசை. எங்கே தொடங்குவது, என்னென்ன வாங்குவது?"

கவுனில் தொடங்காதீர்கள். உடம்பை ஒட்டி முதலில் போடும் லினன் ஷிஃப்டில் தொடங்குங்கள். அதில் சதுரம், செவ்வகம், முக்கோணம் மூன்றும்தான் உண்டு. தேவைப்படும் தையலும் நான்கே வகை: ஊசியை முன்னோக்கி மட்டும் விட்டெடுக்கும் ஓட்டுத் தையல், ஒவ்வொரு முறையும் ஒரு தையல் பின்னால் போய் வரும் பின்தையல், ஓரத்தைச் சுற்றிப் போடும் சுற்றுத் தையல், ஹெம்மிங். அந்த நான்கும் கைக்கு வந்துவிட்டால் மற்ற உடைகளில் முக்கால் பங்கு வேலை தெரிந்த மாதிரி.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். எலியாஸ் ஹோ தையல் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1846-இல். அதனால் 18-ஆம் நூற்றாண்டு உடை என்றால் எல்லாமே கைத்தையல். ஆனால் எல்லா இடத்திலும் பொடித் தையல் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் அது தவறு. அன்று துணிதான் விலை அதிகம், தைக்கும் கூலி குறைவு. எந்தத் தையல் எவ்வளவு நெருக்கம் என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்தது. அடித்துத் துவைக்கும் லினன் உள்ளாடையில் அங்குலத்துக்கு 10, 12 தையல் இருக்கும்; உயர்ந்த ரகத்தில் அதற்கும் மேலே. அதே காலத்துப் பட்டுக் கவுனின் பாவாடைப் பகுதியைப் பார்த்தால் அங்குலத்துக்கு 5, 6 ஓட்டுத் தையல்தான் ஓடியிருக்கும். பட்டைத் துவைக்கப் போவதில்லை. சில வருஷம் கழித்துப் பிரித்து வேறு மோஸ்தரில் தைப்பார்கள், அப்போது துணி கிழியாமல் பிரிய வேண்டும். அந்தத் தளர்ந்த தையலைச் சோம்பலென்று எண்ணிவிடாதீர்கள். எந்த இடத்தில் கையை வைத்தாலும் "இது துவைக்கப்படுமா, இழுபடுமா, பின்னால் பிரிக்கப்படுமா?" என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். வெள்ளை லினன், சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம் எடை. பாலியஸ்டரோ விஸ்கோஸோ கலந்தது வேண்டாம்; அதில் நகத்தால் கீறினால் மடிப்பு நிற்காது, இந்த முறை முழுக்க அந்த மடிப்பை நம்பித்தான் இருக்கிறது. லினனுக்கு லினன் நூல், பட்டுக்கும் கம்பளிக்கும் பட்டு நூல். ஷிஃப்டுக்கு 60/2 எண் போட்ட (மெல்லிய, இரண்டு புரி) நூல் சரியாக இருக்கும். ஊசி 9 அல்லது 10-ஆம் எண்ணில், குட்டையாக இருக்கும் 'பிட்வீன்ஸ்' ரகம். ஒரு தேன்மெழுகுக் கட்டி. நடுவிரலுக்கு அளவான திம்பிள். திம்பிள் முதலில் இடைஞ்சலாகத்தான் இருக்கும், கழற்றாதீர்கள். நெருக்கமாக நெய்த லினனில் விரல் நுனியால் ஊசியைத் தள்ளினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்ட வேண்டாம். நீளமாக எடுத்தால் கோப்பது மிச்சம் என்று தோன்றும். ஆனால் லினன் நூல் துணிக்குள் போய்வரப் போய்வர உரசித் தேயும். ஊசிக் காதுக்குப் பக்கத்தில் பஞ்சாகி அறுந்துவிடும். மெழுகில் இரண்டு முறை இழுத்து, விரலால் உருவி, மெழுகு உள்ளே இறங்கிய பிறகு தையுங்கள்.

இனி ஷிஃப்ட். வெட்டும் முன் துணியை வெந்நீரில் துவைத்து, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள். லினன் சுருங்கும், முக்கியமாக நீளவாக்கில். பிறகு கோடு போட்டு வெட்டாதீர்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்து, ஒரே ஓர் இழையை ஊசி நுனியால் தூக்கி மெல்ல உருவுங்கள். இழை போன இடத்தில் ஒரு மெல்லிய பாதை தெரியும். அதன் மேலேயே கத்தரி போக வேண்டும். பாதியில் இழை அறுந்தால் அதுவரை வெட்டிவிட்டு, அறுந்த முனையைத் தேடி மறுபடி தொடங்கலாம். இதற்குப் பொறுமை இல்லாமல் ஸ்கேல் வைத்து வெட்டியவர்களின் ஷிஃப்ட் நாலைந்து சலவைக்குப் பிறகு ஒரு பக்கமாகத் திருகி நிற்கும்.

36 அங்குல மார்பளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். உடல் பகுதிக்கு 30 அங்குல அகலம், 84 அங்குல நீளம். குறுக்கே இரண்டாக மடித்தால் மடிப்பு தோளில் வரும், கீழ்விளிம்பு முழங்காலுக்குக் கீழே நிற்கும். இப்போது இரண்டு அடுக்கையும் சேர்த்துப் பிடித்து, ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டப் போகிறோம். தோளிலிருந்து 11 அங்குலம் கீழே வரை 5 அங்குல அகலத்துக்கு ஒரு கீற்று எடுங்கள். அங்கிருந்து, 5 அங்குலம் உள்ளே தொடங்கி, கீழ் ஓரத்தின் மூலையில் போய் முடிகிற மாதிரி சாய்வாக வெட்டுங்கள். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு நீள முக்கோணங்கள் கிடைக்கும். இரண்டையும் தலைகீழாகத் திருப்பி, வெட்டாத எதிர்ப் பக்கத்தில் வையுங்கள். அகலமான முனை கீழே வர வேண்டும், நேரான ஓரம் உடல் துணியோடு சேர வேண்டும். லினனுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதம் இல்லாததால் எப்படித் திருப்பினாலும் சரிதான். மேலே 25 அங்குலம், கீழே 35 அங்குலம் என்று இரு புறமும் ஒரே அளவாக விரியும் உடை வந்துவிடும். மிச்சக் கீற்றில் 5 அங்குலச் சதுரம் இரண்டு வெட்டிக்கொண்டால் அக்குளுக்கு ஆயிற்று. கைகளுக்கு 15 அங்குல அகலம், 12 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு. 30 அங்குலத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே அடங்கும். குப்பைக்குப் போவது கழுத்துத் துண்டும் கீற்றின் மிச்சமும்தான். ஒருமுறை காகிதத்தில் சின்னதாக வெட்டிப் பாருங்கள். துணி விலை அதிகம் என்று மேலே சொன்னதன் அர்த்தம் அப்போது கையில் புரியும்.

சேர்க்கும் விதத்துக்கு வருவோம். கரையும் கரையும் (நெசவிலேயே பிசிறாமல் வரும் துணி ஓரம்) சேரும் இடத்தில் மடிப்பே வேண்டாம். இரண்டு கரைகளையும் ஒட்டிப் பிடித்து, நுனியில் இரண்டு மூன்று இழையை மட்டும் எடுத்துச் சுற்றித் தைத்து, பிரித்து நகத்தால் தேய்த்தால் தட்டையாகப் படிந்துவிடும். (கடையில் வரும் 58 அங்குல அகலத் துணியிலிருந்து 30 அங்குலத்தை வெட்டி எடுத்திருந்தால் ஒரு பக்கம் கரை இருக்காது. அங்கே அடுத்து சொல்லும் முறை.) வெட்டிய ஓரங்கள் சேரும் இடத்தில் ஒரு துணியை கால் அங்குலமும் மற்றதை அரை அங்குலமும் வெளியே விட்டு ஓட்டுத் தையல் போடுங்கள், நான்கைந்து தையலுக்கு ஒரு பின்தையலோடு. அகல ஓரத்தைக் குறுகிய ஓரத்தின் மேல் மடித்துச் சுற்றி, உடல் துணியோடு ஹெம்மிங் பண்ணிவிட வேண்டும். பிசிறு முழுக்க உள்ளே போய்விடும். ஓவர்லாக் செய்யாமலேயே அந்தத் துணிகள் இத்தனை காலம் நின்றதற்கு இதுதான் காரணம்.

எல்லோரும் தடுமாறுவது அக்குள் சதுரத்தில்தான். அதன் இரண்டு பக்கம் கையோடும், இரண்டு பக்கம் உடலோடும் சேர வேண்டும். முதலில் கையோடு சேர்த்து, உடையின் கைக்கான மிச்சத் தையலையும் முடித்து, அது குழாயான பிறகுதான் உடலில் பொருத்த வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் தையலைத் துணி ஓரம் வரை ஓட்டிவிடாதீர்கள். கால் அங்குலம் முன்பே நிறுத்தி, இரண்டு பின்தையல் போட்டுக் கட்டுங்கள். ஓரம் வரை ஓட்டினால் மூலை திரும்பாது, சுருண்டு முடிச்சு மாதிரி நிற்கும். உடனே பலரும் கத்தரியால் மூலையை நறுக்கிவிடுவார்கள். முதல் சலவையிலேயே அங்கே ஓட்டை விழும். கழுத்தைக் கடைசியில், சின்னதாக வெட்டுங்கள். அது கவுனின் கழுத்துக்கு ஏற்ப அமைய வேண்டியது, பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஆண்கள் சட்டையும் இதே வடிவக் கணிதம்தான். கூடுதலாகக் கழுத்துப் பட்டையும் மணிக்கட்டுப் பட்டையும் உண்டு. அகலமான துணியைச் சுருக்கி அவற்றில் பிடிக்க வேண்டும். இரண்டு வரிசை ஓட்டுத் தையல், நேருக்கு நேராக ஒரே அளவில்; இழுத்த பிறகு ஒவ்வொரு சுருக்கத்தின் பள்ளத்திலும் ஊசியால் ஒரு கோடு கீற வேண்டும். அப்புறம் ஒரு சுருக்கத்துக்கு ஒரு தையல் என்று எண்ணிப் பிடிக்க வேண்டும். வரிசைகள் முன்பின்னாக இருந்தால் சுருக்கங்கள் நிமிர்ந்து நிற்காமல் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துவிடும்.

அடுத்து ஸ்டேஸ், அதாவது பட்டையான குச்சிகள் வைத்துத் தைக்கும் கெட்டியான மார்க்கச்சு. அன்று திமிங்கிலத்தின் வாயில் இருக்கும் பலீனைச் சீவி வைத்தார்கள். இன்று அதே மாதிரி வளையும் பிளாஸ்டிக் பட்டைகள் கிடைக்கின்றன, 5 அல்லது 6 மில்லிமீட்டர் அகலம் போதும். முதலில் காடாத் துணியில் வெட்டி, அட்டைக் கீற்றுகளை ஒட்டி உடம்பில் போட்டுப் பாருங்கள். முதுகில் கயிறு கட்டும் இடத்தில் இரண்டு அங்குல இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் தைத்தால் துணி உடம்புச் சூட்டில் இளகியதும் தொளதொளவென்று ஆகிவிடும். குச்சி போகும் பாதைகளுக்கு மட்டும் ஓட்டுத் தையல் உதவாது, முழுக்கப் பின்தையல் வேண்டும். பாதை, பட்டையை விட ஒரு மில்லிமீட்டர் அகலமாக இருக்கட்டும். இறுக்கமாகத் தைத்துவிட்டால் நாற்பதாவது குச்சியை நுழைக்கும்போது துணி மொத்தமும் சுருங்கி அளவு குறைந்திருக்கும்.

கயிறு கோக்கும் துளைகளுக்கு உலோக வளையம் போடாதீர்கள்; அது 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. குத்தூசியால் இழைகளை விலக்கித்தான் துளை செய்ய வேண்டும், வெட்டக் கூடாது. குத்தூசியைச் சுற்றிச் சுற்றி அகலமாக்கி, மெழுகிட்ட தடித்த நூலால் துளையைச் சுற்றிலும் தைத்து இழுங்கள். ஏழெட்டுச் சுற்றுக்கு ஒருமுறை குத்தூசியை மறுபடி விட்டெடுங்கள், இல்லாவிட்டால் துளை மூடிக்கொள்ளும். இதில் காஜா முடிச்சு தேவையில்லை, வெறும் சுற்றுத் தையல் போதும். ஒரே கயிறு சுருளாக ஏறும் கட்டு என்பதால் இரு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் வரக் கூடாது. ஒரு பக்கத்து இரண்டு துளைகளின் நடுவுக்கு நேராக மறுபக்கத் துளை. மேல் முனையிலும் கீழ் முனையிலும் மட்டும் ஒரு ஜோடி நேராக இருக்கும்.

ஸ்டேஸ் முடியும் வரை கவுனுக்கு அளவே எடுக்க வேண்டாம். ஸ்டேஸ் போட்டால் மார்பு மேலே ஏறும், முதுகு நிமிரும், தோள் பின்னால் போகும். பழைய அளவு எதுவும் பொருந்தாது. பாவாடை சுலபம்: 100 முதல் 120 அங்குலச் சுற்றளவு, முன்பாதியும் பின்பாதியும் தனித்தனி நாடாவில் கொசுவி, இரு பக்கமும் 10 அங்குலம் திறந்து விட வேண்டும். அந்தத் திறப்பு வழியாகத்தான் உள்ளே இடுப்பில் கட்டியிருக்கும் பைக்குக் கை போகும்.

கவுனைப் பொறுத்தவரை, மெஷின் தையல் தெரிந்தவர்கள் மறக்க வேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது: இரண்டு துணியையும் உள்புறமாகப் பிடித்துத் தைத்துத் திருப்புவது. அன்றைய கவுன் தையல்காரிகள் முதலில் லினன் உள்துணியை வாடிக்கையாளரின் உடம்பிலேயே ஸ்டேஸ் மேல் ஊசி குத்தி அமைப்பார்கள். பிறகு மேல்துணியை அதன் மேல் படியவிட்டு, ஓரத்தை உள்ளே மடித்து, அடுத்த துண்டின் மேல் ஏற்றி, வெளிப்பக்கத்திலிருந்தே பொடித் தையலால் பிடிப்பார்கள். கையைப் பொருத்துவதும் அப்படியே. அக்குள் பக்கத்துக் கீழ்ப்பாதியை மட்டும் உள்ளிருந்து பின்தையலில் சேர்த்துவிட்டு, மேல்பாதியை உடம்பில் போட்ட நிலையில் தோள் மேல் கொசுவிப் படியவைத்து, உள்துணியோடு தைத்து, தோள்பட்டைத் துண்டால் அந்த ஓரத்தை மூடிவிடுவார்கள். இன்றைய ப்ளவுஸ் கை மாதிரி வட்டமாகப் பொருத்தினால் கை தூக்கும்போது கவுனே மேலே வரும். தனியாகச் செய்பவர்களுக்கு இந்த இடத்தில் மட்டும் உதவிக்கு இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும்.

துணி என்று வரும்போது தமிழர்களுக்கு ஒரு நெருங்கிய வாசல் உண்டு. அந்த நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் விரும்பி உடுத்தியவற்றில் சோழமண்டலக் கரையிலிருந்து போன, கையால் எழுதிச் சாயவேர்ச் சிவப்பு ஏற்றிய சீட்டித்துணியும் ஒன்று. பிரான்ஸ் அரசு 1686 முதல் 1759 வரை அதைத் தடை செய்தே வைத்திருந்தது, அப்படியும் உடுத்தினார்கள். அதே மரபில் வரும் பருத்திக் கலம்காரி இன்றும் கிடைக்கிறது. வெள்ளைத் தரையில் கொடியும் பூவும் ஓடுகிற, தெய்வ உருவங்களோ கறுப்புப் பின்னணியோ இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள். 44 அங்குல அகலத்தில் கவுனுக்கும் பாவாடைக்குமாக 7 மீட்டர் எடுத்துக்கொள்ளலாம்.

சந்தேகம் வந்தால் இன்றைய பேட்டர்ன் படங்களைப் பார்க்காமல், மிஞ்சியிருக்கும் பழைய உடையைப் பாருங்கள். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படங்களைப் பெரிதாக்கினால் பல உடைகளில் தையலையே எண்ணலாம். அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க்கில் இன்றும் இந்த முறையிலேயே தைக்கும் கடைகள் நடக்கின்றன. அவர்கள் தைக்கும் காணொளிகளில் துணியைப் பார்ப்பதைவிடக் கையைப் பாருங்கள். தைக்கும் துணியை மடியில் முழங்காலோடு சேர்த்து ஊசி குத்தி இழுத்துப் பிடித்திருப்பார்கள். நீளமான ஓட்டுத் தையல் கோணாமல் வருவதற்கு முதலில் அதைப் பழகிக்கொள்ளுங்கள்.